நஸ்லியாவின் சாம்பல் நிறத் துவக்கு

அலுவலக வாசலில் விரல் ரேகையால் வரவு பதியும் பெட்டியொன்றை மாட்டியிருக்கிறார்கள். அதற்கு என்னைக் கண்டாலே ஆகாது. இன்று காலை ஏழு தரம் பெருவிரலை வைத்தேன், ஏழு தரமும் சிவப்பு விளக்கு. பின்னால் நின்றவள் டிசு ஒன்றை நீட்டி, "மிஸ், கை ஈரம் போல" என்றாள்.

ஈரமா! என் கைவேர்வையைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கதைக்கலாம். சோதனைத் தாள்கள் நனைந்திருக்கின்றன. பெண் பார்க்க வந்தவர்களின் மடியில் தேநீர்க் கோப்பை வழுக்கி விழுந்திருக்கிறது (விழுந்தது நல்லதுக்குத்தான்). ஆனால் இந்தக் கை இரும்பையும் தின்னும் என்று தெரிந்தது கொட்டாஞ்சேனையில்.

அப்போது நாட்டில் சண்டை ஓய்ந்து சில வருடங்கள். ஹெவ்லொக் டவுனில் நான் வேலை பார்த்த காப்புறுதி அலுவலகத்தில் நஸ்லியாவுக்குப் பக்கத்து மேசை. அவள் ஞாயிறுகளில் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குப் போவாள். ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போன நான் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். அம்மா தலையில் கைவைத்தார். "வெடிச்சத்தத்துக்குப் பயந்து கொழும்புக்கு ஓடி வந்தனாங்கள். இவள் காசு குடுத்துச் சுடப் போறாளாம்!"

அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சின்ன வயதிலிருந்து கதவு அடித்தாலும் காதைப் பொத்துகிறவள் நான். அங்கேதான் முதன்முதலாக ஒரு சத்தத்துக்குக் கண்ணை மூடாமல் நின்றேன். அந்தத் துணிச்சலை எதற்காகவும் விட எனக்கு மனமில்லை.

சுடுவதற்கு இருவருக்கும் துவக்கு ஒன்றுதான். நஸ்லியாவின் வாப்பாவுடையது; அவர் மௌத்தான பிறகு அவள் பெயருக்கு மாற்றியது. வெள்ளவத்தையில் அவள் வீட்டுக் கடற்காற்றில் குழல் முழுக்கக் கறள் பிடித்துத் துருவேறியிருந்தது. கொட்டாஞ்சேனையில் அனுமதியோடு துவக்குத் திருத்தும் அன்டனி அண்ணனிடம் கொண்டுபோனோம். கறளைச் சுரண்டிவிட்டு எந்தப் பூச்சுப் போடலாம் என்று காட்ட, அவர் மூன்று இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று நிக்கல். ஒன்று நீலமேற்றியது. மற்றது மங்கிய சாம்பல்; எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், கறள் பிடிக்காது என்றார்.

நான் நிக்கலில் விழுந்துவிட்டேன். அண்ணன் சிரித்தார். "தங்கச்சி, வெயில் பட்டாக் கண்ணைக் குத்தும். குறியே தெரியாது."

நஸ்லியா நீலத்தைக் கையில் எடுத்தாள். பார்த்தால் கறுப்பு, சரித்தால் ஆழ்ந்த நீலம். "வாப்பாட நெறம். புதுசுல இது இப்பிடித்தான் ஈந்திச்சி" என்றாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. "ஒரு கிழமை கையில வெச்சுப் பழகிப் பாருங்க" என்று அந்தத் துண்டைக் கொடுத்தனுப்பினார் அண்ணன். மேசை மேலே கிடந்த அதை நான்தான் சும்மா சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையில் அதன் மேல் என் ஐந்து விரலும் பழுப்புக் கறளாகப் பதிந்திருந்தன.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அண்ணன் துடைத்தார், எண்ணெய் போட்டுத் தேய்த்தார், பெருமூச்சு விட்டார். "சில பேருட கைவேர்வை அப்பிடி. நீலம் தாங்காது. இவ தொடாட்டிச் சரி."

எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. "நான் கையுறை போடுறன்" என்றேன்.

"கிளவ்ஸ் போட்டா ஒனக்கு ட்ரிகர் வெளங்குமா? பைத்தியம் மாதிரிப் பேசாத." நஸ்லியா நீலத் துண்டை இன்னொரு முறை சரித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "அண்ணே, அந்தச் சாம்பலப் போடுங்க. அது எண்ணெயக் குடிச்சி வெச்சிக்கொள்ளும் எண்டீங்களே."

"வாப்பாட நிறமடி?"

"வாப்பா இனிச் சுடப் போறல்ல. நீ சுடணுமே."

என்ன பெண் அவள்! கழகத்தில் எல்லோரும் அதைத் தண்ணீர்க் குழாய் என்று நக்கலடித்தார்கள். நான்கு வருடம் அந்தக் குழாயால்தான் சுட்டோம். கறள் ஒரு புள்ளிகூட வரவில்லை.

பிறகு அவள் கலியாணம் கட்டி டோஹாவுக்குப் போனாள். துவக்கைச் சட்டப்படி இன்னொருவருக்கு விற்றாள். கழகம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. போன கிழமை அந்தத் துவக்கின் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். வாங்கியவர் சாம்பலைச் சுரண்டி எடுத்துவிட்டு நீலமேற்றியிருக்கிறார். அவள் ஆசைப்பட்ட அதே நிறம்.

உடனே அழைத்து, "சந்தோசம்தானே?" என்றேன்.

"வடிவாத்தான் ஈக்கிது" என்றாள். "ஆனா ஒனக்குத் தொட ஏலாதே."