யாரும் கேட்காத கேமரா

போட்டோ எடுப்பது எங்கள் தொழிலில் பாதி வேலைதான். எடுத்தாகிவிட்டது என்று எதிரில் நிற்பவரை நம்பவைப்பது மீதிப் பாதி. செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிற எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் போன வருட ஆடியில் ஒரு கேமரா வாங்கினேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். டிஜிட்டல்தான், ஆனால் பார்த்தால் நம் தாத்தா காலத்துப் பெட்டி மாதிரி இருக்கும். ஜூம் கிடையாது. தானாக ஃபோகஸ் செய்யாது. லென்ஸ் வழியாகப் பார்க்கவும் முடியாது. மூலையில் தனியாக ஒரு சின்ன சன்னல் இருக்கும். அதில் பார்த்தால் நடுவில் எதிராளி இரண்டு இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். அந்த இரண்டும் ஒன்றாகிற நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் விழுந்தேன். டிரோனைக் கொடுத்தேன், இரண்டு நல்ல லென்ஸ்களைக் கொடுத்தேன், மேற்கொண்டு பணமும் கொடுத்தேன். எவ்வளவு என்று எழுதமாட்டேன், என் மாமியார் இதைப் படிப்பார்.

வீட்டில் யாரும் கேட்காத ஒரு பொருளை ஆசைப்பட்டு வாங்கிவந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே காரணம் சொல்ல ஆரம்பித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி செல்வி சண்டை போடவில்லை. அது இன்னும் மோசம். ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பதும் புக்கிங் எடுப்பதும் அவள்தான். கேமராவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அடுத்த ஆடி முடியறதுக்குள்ள ஒரே ஒரு கஸ்டமர் தானா வாயத் தொறந்து, 'அந்தக் கேமராவுல எடுங்க'ன்னு கேக்கணும். நீங்க வார்த்தைய எடுத்துக் குடுக்கக் கூடாது. கேக்கலன்னா வித்துடணும், சரியா?"

சரி என்றேன். ஒரு வருடத்தில் ஒரு ஆள் கேட்கமாட்டாரா? எனக்கு விற்ற புதுச்சேரி பெரியவர், எப்போது வேண்டாமென்றாலும் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவருடைய நம்பரைச் செல்வி அன்றைக்கே தன் போனில் பதிந்துகொண்டாள்.

துபாய் மச்சான்

முதல் வாய்ப்பு அனந்தபுரத்திலிருந்து வந்தது. மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்த ஒருவர் புக்கிங் கொடுக்க வந்திருந்தார். கேமரா மேசைமேல் அவர் கண்ணில் படும்படி இருந்தது. தானாக ஒன்றும் அங்கே வந்து உட்காரவில்லை. நான்தான் காலையிலிருந்து நாலு தடவை இடம் மாற்றி வைத்திருந்தேன். அவர் ஆல்பங்களைப் புரட்டினார், டீ குடித்தார், கடைசியில் கேமராவைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கையில் எடுத்து எடை பார்த்தார். கண்ணில் வைத்துச் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கடை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி அவர் முகம் மாறியது. என் தோளில் கை வைத்து, செல்வி காதில் விழாதபடி சொன்னார்: "கஷ்டம் யாருக்குத்தான் இல்ல சார்? எங்க மச்சான் துபாய்ல இருக்கறான், வரும்போது நல்லதா ஒரு கேமரா எடுத்தாரச் சொல்லட்டா?"

மேடை இறங்காத ஜனம்

அந்த அனந்தபுரத்துக்காரர் வீட்டு வரவேற்பிலேயே இன்னொன்றும் நடந்தது. நம் ஊர் வரவேற்பு உங்களுக்குத் தெரியும். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்பார்கள். ஒவ்வொரு குடும்பமாக ஏறி, பரிசைக் கொடுத்து, இரண்டு பக்கமும் நின்று, படம் எடுத்ததும் இறங்கி நேராகப் பந்திக்குப் போவார்கள். வீடியோ எடுக்கும் சேகர் ஒரு பக்கம் இருக்க, நான் புதுக் கேமராவோடு நின்றேன். மண்டபத்து விளக்கே போதும் என்று ஃப்ளாஷை மாட்டவில்லை. இந்தக் கேமராவில் சத்தமும் பெரிதாக வராது.

முதல் குடும்பம் ஏறியது. எடுத்தேன். அவர்கள் நின்றார்கள். நானும் நின்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எடுத்தாச்சுங்க என்றேன். நம்பவில்லை. பாட்டுச் சத்தத்தில் பாதிப் பேருக்கு நான் சொன்னது கேட்கவுமில்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கவேண்டியிருந்தது. வரிசை மேடையிலிருந்து வாசல்வரை நீண்டு, வாசலில் சந்தனம் கொடுக்கிற பெண்களையும் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது. பந்தியிலே இலை போட்டு ஆளில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு ஏறிவந்தார். என்ன நடக்கிறது என்பதை இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். "போட்டோகாரரே, நீ படம் எடுக்கலன்னாலும் பரவால்ல, லைட்ட மட்டும் அடி. அதப் பாத்துத்தான் ஜனம் எறங்குது!"

முதல் கோரிக்கை

அந்த வரவேற்புக்கு வந்திருந்த ஒரு அம்மா, தன் மகள் வளைகாப்புக்கு நானே படம் எடுக்கவேண்டுமென்று மறு வாரம் கடைக்கு வந்தார். செல்வி புக்கிங் நோட்டை விரித்தாள். நான் உள்ளே பிரிண்டர் பக்கத்தில் இருந்தேன். "கேமரா விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று அந்த அம்மா ஆரம்பித்ததும் எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. செல்வி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு மாதத்தில் செல்வி காதுபட ஒரு ஆள் அந்தக் கேமராவைப் பற்றித் தானாக வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. "அந்தக் கல்யாணத்துக்கு எடுத்தாந்தாரே ஒண்ணு, அத மட்டும் எடுத்தார வேணாம்னு சொல்லுமா."

இரண்டு காது

இனி என் தப்பைச் சொல்கிறேன். லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமரா என்றேன் அல்லவா? லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். பின்னால் இருக்கிற திரையைப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடும். ஆனால் இந்தக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எடுத்த படத்தை உடனே பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று திரையை அணைத்து வைத்திருப்போம்.

மேல்மலையனூரில் அமாவாசையன்று ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. கோயிலைச் சுற்றிக் காலை வைக்க இடமில்லாத கூட்டம். தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை அவர் கையையே பார்க்கிறது, மாமன் குழந்தையைப் பார்க்கிறார், அம்மா கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். சன்னலில் இரண்டும் ஒன்றானது. எடுத்தேன், எடுத்தேன், எடுத்தேன். என் தொழிலில் அப்படி ஒரு படம் அமைந்ததே இல்லை என்று நெஞ்சு நிறைந்துபோனது. கையை இறக்கும்போதுதான் மூடி விரலில் தட்டுப்பட்டது.

மறைக்கத் தெரியாமல் தாய்மாமனிடம் திரையைப் போட்டுக் காட்டிவிட்டேன். மூன்றும் கன்னங்கரேல். நல்லவேளை, குழந்தைக்கு இன்னொரு காது பாக்கியிருந்தது. மனிதனுக்கு ஆண்டவன் ஏன் இரண்டு காது வைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதை மூடி இல்லாமல் எடுத்தேன். முகம் முழுக்க அழுகையோடு நன்றாகவே வந்தது. ஆனால் தாய்மாமன் அந்தக் கறுப்புப் படத்தை விடுவதாக இல்லை. என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் கூவிக் கூவிச் சொன்னார்: "பாருங்கடா, அமாவாசைக்கு வந்து அமாவாசையவே புடிச்சிட்டாரு!"

வெள்ளரிப் பிஞ்சு

இந்தக் கேமராவுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. படத்துக்குள் விழப்போவது மட்டுமல்ல, அதற்கு வெளியே இருப்பதும் சன்னலில் கொஞ்சம் தெரியும். யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்கலாம். கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில், கல்யாணம் நிச்சயமான ஒரு சென்னை ஜோடியை எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வாசலில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சைப் பெண்ணுக்கு ஊட்டுகிற மாதிரி ஒரு காட்சி. சன்னலின் இடது ஓரத்தில், படத்துக்கு வெளியே, குரங்கு ஒன்று மதில்மேல் நடந்து வருவது தெரிந்தது. வேறு கேமராவாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. காத்திருந்தேன். அது சரியாக வந்து, சரியாக மாப்பிள்ளை கையிலிருந்து பிஞ்சைப் பறித்த நொடியில் எடுத்தேன்.

படத்தைப் பார்த்து நான் குதிக்காத குறை. பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இதோ கேட்கப்போகிறாள், எல்லாப் படத்தையும் இதிலேயே எடுங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஆனால் வரப்போவதைப் பார்த்த குஷியில் என் கை வளையத்தை எங்கே திருகியது என்று கவனிக்கவில்லை. மாப்பிள்ளை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல், நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "அண்ணா, கல்யாணம் எனக்கா குரங்குக்கா? அதுக்கு முடி முடியா தெரியுது, எனக்கு மூஞ்சியே இல்லையே!"

மூன்று சொன்னால் மூடும் கண்

ஆடி பிறந்துவிட்டது. எனக்கு உள்ளூர வருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கேமராவை எடுத்து எதிர் டீக்கடை வாசலை இரண்டாக்கி ஒன்றாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம் காசிம் பாய் வந்தார். அடுத்த தெருவில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறவர். மக்காவுக்கு உம்ரா போவதற்குப் போட்டோ வேண்டும். இவரைக் கண் திறந்திருக்கும்படி எடுத்தவர் செஞ்சியில் யாரும் இல்லை. ரேஷன் கார்டில், வாக்காளர் அட்டையில், மகள் நிக்காஹ் ஆல்பத்தில், எல்லாவற்றிலும் கண் மூடியிருப்பார். ஃப்ளாஷால் மட்டுமல்ல, போனைத் தூக்கினாலும் அப்படித்தான். ஒன்று, இரண்டு சொல்லும்வரை விழித்துக்கொண்டிருப்பார். மூன்று என்றதும் இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். அன்றைக்கும் வழக்கமான பெரிய கேமராவில் பதினான்கு எடுத்தேன். பதினான்கிலும் தூக்கம். பயண ஏற்பாடு செய்கிற ஆபீஸில் ஏற்கெனவே இரண்டு போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "நான் போவ முடியாதா தம்பி?" என்று கேட்டார். எனக்கும் என்னவோபோல ஆகிவிட்டது.

கொஞ்சம் உட்காருங்க பாய் என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மேசையிலிருந்த ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். பாய்க்கு மெஷின் என்றால் உயிர். தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுகிற கை. "இன்னா தம்பி, ரிப்பேரா?" என்று கேட்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் இருந்தபடியே கழுத்தை நீட்டினார். ஆமாம் பாய் என்றேன். "வளையம் லூஸா இருக்குதா? முன்னாடி திருப்பு, பாக்கறன்" என்றார். கண் இரண்டும் அகலத் திறந்து லென்ஸையே பார்த்தன. வாசல் வெளிச்சம் அப்படியே முகத்தில் விழுந்தது. சன்னலில் இரண்டு காசிம் பாய்கள் ஒருவரானார்கள். சத்தமில்லாமல் எடுத்தேன். மூன்று தடவை மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், அது என் பையில் இருந்தது.

எப்போது எடுப்பாய் என்று கேட்டார். எடுத்தாச்சு என்று திரையைக் காட்டினேன். செல்வியும் எழுந்துவந்து பார்த்தாள். போட்டோவையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பாய் கேட்டார்: "ரிப்பேர்ல இருக்கும்போதே இப்படி எடுக்குதே, சரி பண்ணிட்டா எப்படி எடுக்கும்?"

ஆடி முடிய மூன்று நாள்

பாய் படம் எடுத்ததைச் செல்வி கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவராகக் கேட்கவில்லையே என்றாள். நியாயம்தான். மூன்று நாள் இருந்தபோது புதுச்சேரி பெரியவருக்கு அவளே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நான் லென்ஸைத் துடைத்து, மூடியைப் போட்டு, பெட்டிக்குள் வைத்தேன். அழவில்லை, ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை காசிம் பாய் மனைவியோடு வந்தார். இரண்டு பேரும் பெருநாள் உடுப்பில் இருந்தார்கள். தங்கள் நிக்காஹ் அன்று எடுத்த படத்தில் பாய் தூங்குகிறார் என்று அந்தம்மா முப்பது வருடமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறாராம். உம்ரா போவதற்குள் இரண்டு பேருமாகக் கண் திறந்து ஒரு படம் எடுத்து வீட்டில் மாட்டவேண்டும். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. பெரிய கேமராவைத்தான் கையில் எடுத்தேன். பாய் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "அது வாணாம் தம்பி! அன்னிக்கு எடுத்தியே, அந்த ரிப்பேர் கேமரா, அதுலயே எடு!"

செல்வியின் கை மௌஸ் மேலேயே நின்றுவிட்டது. நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவேன். பெட்டியைப் பிரித்தேன். ரிப்பேர் பார்ப்பதுபோல வளையத்தைத் திருகினேன். பாய் மறுபடி கழுத்தை நீட்டினார், அவர் நீட்டுவதைப் பார்த்து அந்தம்மா சிரித்தார், இரண்டும் ஒன்றானது. அந்தப் படம்தான் இப்போது என் கடை வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அவர்கள் போன பிறகு செல்வி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றேதான் அவ்வளவு சத்தமாகப் பேசினாள் என்று நினைக்கிறேன். "நாளைக்கு வர வேணாங்க. அது ரிப்பேர் கேமரா, உங்களுக்கு ஆவாது."

இவ்வளவு விலை கொடுத்து இந்தக் கேமராவை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் தெருவிலும் ஒரு காசிம் பாய் இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் கடைசிவரை அதை ரிப்பேர் என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.