கல்யாணப் பாட்டுக்கு வந்த பெடல்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் சிங்கப்பூரில் புக்கிட் மேராவில் குடியிருந்தபோது நடந்தது இது. சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு நான்தான் கீபோர்டு வாசிப்பேன். எங்கள் பாடகர் குழுவில் இருந்த அக்கா ஒருவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் மெலிந்து போயிருந்தது. ஆனாலும் மகளின் கல்யாணப் பூசையில் ஒரு பாட்டாவது பாடிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"நீ சத்தமா வாசிச்சா என் குரல் அமுங்கிடும். ரொம்பக் குறைச்சா சுருதியை விட்டுடுவேன். பாத்துக்கோ லா" என்றார்.

இரண்டு கையும் கட்டைகளில் இருக்கும்போது சத்தத்தை ஏற்றி இறக்கக் கால்தான் வேண்டும். அதற்கென்றே ஒரு பெடல் உண்டு. மிதித்தால் சத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். பழைய ஆர்கனிலிருந்து கழற்றிய பெடல் ஒன்று என்னிடம் இருந்தது. "கவலைப்படாதீங்கக்கா" என்று வாயை விட்டுவிட்டேன். பிளக் துளைக்குள் போனால் வேலையும் செய்யும் என்று நம்பிய மேதாவி நான்! கல்யாணத்தன்று காலை மாட்டி மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கீபோர்டும் கையுமாக டாக்சி பிடித்துத் தேக்காவில் இருந்த இசைக்கருவிக் கடைக்கு ஓடினேன். இதற்கான பெடலை ஆர்டர் செய்துதான் வரவழைக்க வேண்டும் என்று கடைக்காரர் கைவிரித்தார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் பக்கத்துச் சந்தில் மாடியில் இருப்பதாகச் சொன்னார்.

முன்பின் தெரியாத மனிதர். சாப்பாட்டிலிருந்து எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"இதுல ரெண்டு ஒயர்தான் இருக்கு தங்கச்சி. உங்க கீபோர்டுக்கு மூணு வேணும்."

தன் பெடலை எடுத்து வந்து மாட்டினார். அதுவும் சரிப்படவில்லை. பாதி மிதிக்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று அலறியது. ஒயர்கள் மூன்றுதான், ஆனால் இரண்டு இடம் மாறியிருக்கின்றன என்றார். யோசிக்கவே இல்லை. தன் பெடலைத் திறந்து, அந்த இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தார். இப்போது மிதிக்க மிதிக்கச் சத்தம் மெல்ல ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்களுக்கு வேணாமாண்ணே?"

"இன்னிக்கி எனக்கு வேலை இல்ல லா. எடுத்துட்டுப் போங்க, டைம் ஆச்சு."

அன்று மாலைப் பூசையில் அக்கா பாடினார். இரண்டாவது அடியில் குரல் தடுமாறியது. காலைத் தளர்த்தினேன். கீபோர்டு அடங்க, அந்த மெல்லிய குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பெடலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவிதான் வாங்கிக்கொண்டார்.

"நேத்து ஷோவுல பெடல் இல்லாம, ஒரு கையால சத்தத்தைத் திருகித் திருகி வாசிச்சாரு. பாடினவர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து யாருக்காவது எதையாவது கொடுக்கும்போது, "எனக்கு இப்போ தேவையில்லை" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அவரைப் போல முகம் மாறாமல் சொல்லத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.