கொழும்பில் ஓர் ஓய்வு நாள்

டூர் மேனேஜர் வேலையில் ஆட்களை மலையேற்றிவிடலாம், படகில் ஏற்றிவிடலாம். 'ஓய்வு நாள்' என்று ஒன்று வருமே, அதற்குத்தான் நான் நடுங்குவேன். ஆள் எண்ணியே தொண்டை கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சும்மா இருங்கள்

தர்மபுரியிலிருந்து இருபத்திரண்டு பேரைக் கொழும்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். நாலாம் நாள் ஓய்வு. நிதானமாக எழுந்து நகரத்தை இஷ்டம்போல் சுற்றலாம் என்று நானேதான் டைப் செய்து கொடுத்திருந்தேன். காலை ஆறு மணிக்கே அத்தனை பேரும் குளித்து, பையை மாட்டிக்கொண்டு ஓட்டல் வாசலில் நிற்கிறார்கள். இன்றைக்கு வண்டி கிடையாது, சும்மா இருங்கள் என்றேன். பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்: "சும்மா இருக்கறதுக்கு எங்கூர்லயே எடம் கெடக்குதுங்களே!"

பதினொரு இடம்

வேறு வழி? பஸ்ஸை வரவழைத்து, எல்லாரையும் துணிக்கடைகளுக்கு அனுப்பினேன். அப்பாடா என்று உட்கார்ந்தால், பஸ்ஸில் ஏறாமல் உசேன் பாய் வந்து நிற்கிறார். பென்னாகரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஒரு கையில் மனைவி ஜமீலாம்மாவின் கை, இன்னொரு கையில் ஒரு காகிதம். அதில் பதினொரு இடங்கள். ஒரே நாளில் ஆகிற காரியமா பாய் என்று எரிந்து விழுந்தேன்.

அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "அவளுக்குக் கண்ணு போயிட்டிருக்குதுங்க தம்பி. சுத்திலும் இருட்டிருச்சு, நடுவுல சின்ன ஜன்னலாட்டம்தான் தெரியுதாம். வருசம் தாங்காதுன்னுட்டாரு டாக்டர். பாக்கறதெல்லாம் இன்னிக்கே பாத்துறட்டும்."

சிவப்பும் வெள்ளையும்

ஆட்டோ பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனோம். அங்கே சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாய் ஒரு பள்ளிவாசல். ஜமீலாம்மா தெருவில் நின்று, அண்ணாந்து, ஒவ்வொரு வரியாகத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்தார். தெரியுதா, தெரியுதா, சரி கிளம்பு என்று கையை இழுத்தார். நானும் சும்மா இருந்தேனா? கடிகாரத்தைப் பார்த்து, நேரமாச்சும்மா என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "செவப்பு தெரியுதுங்க. இன்னும் செத்த நிக்க வுட்டா வெள்ளையும் தெரியும்."

கோபுரத்தில்

மத்தியானத்துக்குள் ஐந்து இடம் முடித்துவிட்டோம். தாமரைக் கோபுரத்தின் உச்சியில் நின்று நான் துறைமுகத்தைக் காட்ட, பாய் மனைவியின் முகவாயைப் பிடித்துக் கப்பல் பக்கம் திருப்பினார். அவர் கப்பலைக் கண்டுபிடிப்பதற்குள் ரயில் பக்கம் திருப்பினார். பார்க்க எனக்கே கழுத்து வலித்தது.

இறங்கி வெளியே வரும்போது, கடைசிப் படி தெரியாமல் ஜமீலாம்மா தடுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. பதறித் தூக்கிய பாய், பழக்கத்தில் கத்திவிட்டார். கத்தியவர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அவர் கத்தியது இவ்வளவுதான்: "பாத்து வரமாட்டியா?"

காலி முகத்திடலில்

அதற்குப் பிறகும் மனுஷன் விடவில்லை. சாயங்காலம் கடற்கரைத் திடலுக்கு வந்தபோது இன்னும் மூன்று இடம் பாக்கி. ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ்ஸும் வந்து நின்று, ஹாரன் அடித்தது. பாய் காகிதத்தை விரித்தார். போகிற வழியில் பஸ்ஸிலிருந்தாவது காட்டிவிடலாம் என்றார். ஜமீலாம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டார், எழவில்லை. கடலையும் பார்க்கவில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இவர செத்த என் எதுருக்க ஒக்காரச் சொல்லுங்க. காத்தால இருந்து எல்லாம் பாத்தாச்சு, இவரு மூஞ்சியத்தான் பாக்கவே இல்ல."

பாய் கடலுக்கு முதுகைக் காட்டி அவர் எதிரே உட்கார, பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. ஆபீஸுக்கு எழுதிய ரிப்போர்ட்டில் தாமதத்துக்குக் காரணம் டிராஃபிக் என்று போட்டேன்.