குருவியக்காவின் காது

காட்டுப்பாதையில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வழிகாட்டி அவள். பிள்ளைகள் வைத்த பெயர் குருவியக்கா. எது கத்தினாலும் பெயர் சொல்லிவிடுவாள் என்று பேச்சு. அடக் கொடுமையே, காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து மூன்று வருஷமாக அவளுக்கு ஒரு குருவிச் சத்தமும் கேட்பதில்லை! மனுஷர் பேச்சையே உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறாள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் அவளையும் மகளையும் விட்டால் வேறு ஆளில்லை.

பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பிள்ளைகளைத் தன் எதிரே நிற்கவைத்து, உதட்டில் விரலை வைப்பாள். பறவை கத்தும். அத்தனை கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். எந்த மரத்தில் எது கூடு கட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. "மரங்கொத்தி!" என்று அடித்துவிடுவாள். கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக்கூடாது. இந்தக் கூத்தை மகளிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்றைக்கு வந்தது மூன்றாம் வகுப்பு, மகள் படிக்கிற வகுப்பு. குருவியக்காவை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வனத்துறை ரேஞ்சரும் கூடவே நடந்தார்.

ஓடையைத் தாண்டியதும் விரலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இருபது தலையும் அத்திமரத்துப் பக்கம் திரும்பின.

"குக்குறுவான்! ஜோடியாத்தான் பாடும்," என்றாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணுமே கத்தலையேம்மா," என்றார் ரேஞ்சர்.

"லேசாக் கேட்டுச்சு சார்."

ரேஞ்சர் அவள் முதுகுப் பக்கம் போனார். பிள்ளைகளின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. சந்தேகப்பட்டுத் திரும்பினாள். மனுஷர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கூப்பிட்டாரோ!

"திங்கக்கிழமையிலிருந்து வராதே. பின்னாடி யானையே வந்தாலும் உனக்குத் தெரியாது. இத்தனை பிள்ளைங்க உயிரும்மா," என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "யார் சொல்லிக்கொடுத்தது இந்த விளையாட்ட?" என்று கேட்டார்.

எல்லா விரலும் மகளை நோக்கி நீண்டன.

பாவி மகளே! குருவியக்கா அவள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி?" என்றாள்.

மகள் உதடு மெல்ல அசைந்தது. "என்னை எதுலயும் சேர்த்துக்கவே மாட்டாங்கம்மா. இதச் சொன்னதும் சேர்த்துக்கிட்டாங்க."

பஸ் கிளம்பும்போது மகள் முதல் ஆளாக ஓடினாள். படியில் நின்ற சிறுமி ஒருத்தி அவள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "போடி, செவிடி மகளே." உதடு தெளிவாகவே தெரிந்தது. புழுதியில் விழுந்தவள் அம்மாவைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்கவில்லை என்று யாராவது சமாதானம் சொல்லலாம். கண் நன்றாகத்தான் தெரிந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. போய்த் தூக்க அவளுக்கு மனசு வரவில்லை.