மருமகள் வாங்கிய லைசென்ஸ்

எனக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. பெற்றது நான்கு; கொழுந்தன் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. என் இடுப்பில் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்களே தவிர, நான் யார் தோளையும் பிடித்து நடந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து இது. மெதுவாகத்தான் வரும்.

அபுதாபியில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் கார் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். ஆனால் இந்த ஊரில் லைசென்ஸ் குதிரைக்கொம்பு. ரோடு டெஸ்டில் ஐந்து தடவை ஃபெயில். "ஊர்ல ஓட்டுத மாதிரி ஒத்தக் கையில ஸ்டியரிங்கப் புடிக்காரு, அதான்" என்பாள் மருமகள். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள்.

போன வருஷம் அவளும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஒரு மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "அத்தே, பாஸ்! மொத டெஸ்ட்டுலயே!" என்றாள். பிசைந்த சோறு தட்டில் அப்படியே இருந்தது. கடைசியில் வந்த சொல் இதுதான்: "பொம்பளன்னு பாவம் பாத்துப் போட்டிருப்பான்."

அவள் மகள், என் பேத்தி, சிரித்தாள். "ஆச்சி, டெஸ்ட் எடுத்ததே லேடி ஆபீசர்தான்."

மருமகள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் சோற்றைத் தின்றேன்.

பழைய கார் ஒன்று வாங்கினார்கள். நான் ஏறவில்லை. அவள் ஓட்ட, என் மகன் பக்கத்து சீட்டில் போவதைப் பால்கனியிலிருந்து பார்த்தால் வயிறு எரியும். முழங்கால் வைத்தியத்துக்கு வாரம் ஒருமுறை கிளினிக் போக வேண்டும். "நான் கொண்டு விடுதேன் அத்தே" என்பாள். "எனக்குக் கால் இருக்கு" என்று சொல்லிவிட்டு மகனோடு டாக்சியில் போவேன்.

ஒரு நாள் அவனுக்கு டூட்டி. மருமகள் வருவதற்குள் நான் தனியாக நடந்தே கிளம்பிவிட்டேன். இரண்டு தெருதான். பாதி வழியில் முழங்கால் பூட்டிக்கொண்டது. கொதிக்கும் வெயிலில் நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தாள் போல. அவள் கார்தான் எதிரே வந்து நின்றது.

ஏசுவாள் என்று நினைத்தேன். திருப்பி ஏசுவதற்குத் தயாராகவும் இருந்தேன். அவளோ கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். என் காலை இரண்டு கையாலும் ஏந்தி, செருப்போடு உள்ளே வைத்தாள். பெல்ட்டை என் குறுக்கே இழுத்தாள்.

"நானே போட்டுக்கிடுவேன்" என்றேன். எதில் மாட்டுவது என்று தெரியவில்லை.

"சரி அத்தே. கைய மட்டும் தூக்குங்க."

தூக்கினேன்.

கிளினிக் முடிந்ததும் மகனைக் கூட்டிவரப் போனோம். அவன் வேலை பார்க்கும் கராஜுக்குள் நான் அதுவரை போனதில்லை. மருமகள் என்னைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனாள். வெல்டர் ஒருவன் எங்களைப் பார்த்துக் கத்தினான்: "அண்ணே, ஒங்க டிரைவர் வந்தாச்சு! பொண்டாட்டி ஓட்ட சைடு சீட்டுல போற மெக்கானிக்கு முசஃபாவுலயே நீங்க ஒருத்தர்தாம்ணே!"

எனக்கு உடம்பு கூசியது. மகனோ சிரித்தான்.

"போடே. ஒனக்கு யாரு டிரைவர் வச்சிருக்கா? நான் அஞ்சு தடவ போயி வெறுங்கையோட வந்தேன். ஒரே டெஸ்ட்ல வாங்குனவ எம் பொண்டாட்டி!"

சொல்லிக்கொண்டே ஸ்பானர்களைப் போட டூல் பெட்டியைத் திறந்தான். மூடியின் உட்புறம் முருகன் படம். அதை ஒட்டி அவள் லைசென்ஸின் ஜெராக்ஸ். எண்ணெய்க் கை பட்டு ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஒட்டி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

இத்தனை மாதமும் அவனுக்காக என்று நான் சுமந்த அவமானம் அவனிடம் ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்படியானால் அந்த எரிச்சல் யாருடையது?

திரும்பும்போது பெல்ட் போடக் குனிந்தாள். அவள் கேட்குமுன் கையைத் தூக்கிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஐந்து பிள்ளைகளை ஏசி வளர்த்த வாய்க்கு அது பழக்கமில்லை. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன். நீ பாஸான அன்றைக்கு நான் சொன்னது தப்பு. நீ ஜெயித்தது எனக்குச் சந்தோஷம், தாயி.

"ஏ பிள்ள, இங்க வா. இந்த நோட்டப் புடி. தமிழ எழுத்துக்கூட்டித்தான் படிப்ப, பரவால்ல, ஆச்சிக்கு அவசரமில்ல. கடைசியில எழுதியிருக்கறத மட்டும் சத்தமாப் படி. ஒங்கம்மா அடுப்படியில தாளிச்சிக்கிட்டு இருக்கா, அவளுக்குக் கேக்கணும்."