ஏழுக்குக் கட்டிய கயிறு

அவள் நெல்லைக் கடித்துப் பார்ப்பாள். நான் அளந்து பார்ப்பேன். எழுபதுகளின் கடைசியில் உழவர்கரைப் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அங்கே, ஓடு வேய்ந்த சோதனைக்கூடத்தில், ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் இரண்டு உதவியாளர்கள். எனக்கு டவுன், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், காலையில் சைக்கிள். அவளுக்கு வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமம். மூலக்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவாள். வரும் வழியில் யார் வயலிலாவது ஒரு கதிரை உருவி, நகத்தால் உமியைப் பிளந்து, வாயில் போட்டு மென்றுகொண்டே உள்ளே நுழைவாள்.

எனக்கு அந்த மெல்லலே பிடிக்காது. பிடிக்காது என்பதா? எனக்கு வராது, அதுதான் உண்மை.

அரிசியில் புரதம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மாவைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டால் கறுக்கும், நுரைக்கும், ஒருவழியாகத் தெளியும். அதில் காரம் சேர்த்து வடித்தால், சேகரிக்கும் குடுவை பச்சையாகும். பிறகு ப்யூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலம். எந்தச் சொட்டில் பச்சை இளஞ்சிவப்பாகிறதோ அந்தச் சொட்டோடு நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்று படிக்கவேண்டும். அதை வைத்து நைட்ரஜன் கணக்கு, நைட்ரஜனை வைத்துப் புரதக் கணக்கு. எங்கள் தலைவர் நைட்ரஜன் என்று சொல்லமாட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர், அவருக்கு அது அசோத். அவர் எங்களுக்கு முசியே, பிரெஞ்சு ஐயா.

நான் அளவைப் படித்துத் துண்டுச்சீட்டில் எழுதுவேன். அவள் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவாள். அதுதான் எங்கள் ஏற்பாடு. பிரெஞ்சுப் பள்ளியில் ஒன்று என்ற எண்ணை எழுதினால் அதற்கு நெற்றியில் ஒரு நீண்ட கோடு இழுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அது ஏழு மாதிரித் தெரியும். அதனால் ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடவேண்டும். முதல் நாள் என் சீட்டைப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன்டி, உன் ஏழு என்ன கைக்கொழந்தையா? இடுப்புல அரைஞாண் கயிறு கட்டி வெச்சிருக்க!"

நாற்றுப் பறிக்கிற பெண்கள்வரை அந்தக் கேலி போயிற்று. "கயிறு கட்டுற அம்மா வந்துட்டாங்க" என்பார்கள். அவள் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் சொன்னால் "என்னம்மா சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு மாதத்தில் நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். என் ஏழு அவளுடைய ஏழு மாதிரி மொட்டையாயிற்று. ஒன்றின் நெற்றிக் கோட்டை மட்டும் கை விடவில்லை.

அந்தச் சம்பாவில்தான் முசியே எங்களுக்கு ஆளுக்கொரு வரிசை கொடுத்தார். ஒரே கலப்பில் பிறந்த விதைகள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஆனாலும் வேறு வேறு பிள்ளைகள். யாருடைய வரிசை தேறுகிறதோ அவள் ஒரு வருடப் பயிற்சிக்கு ஐதராபாத் போகலாம். ஓர் இடம்தான்.

அந்த நாலு மாதமும் நான் என் பயிரைப் பார்த்ததைவிட அவள் பயிரைப் பார்த்ததுதான் அதிகம். அவள் தூரில் எத்தனை கதிர், அவள் இலையில் எவ்வளவு பச்சை. பச்சையிலேயே எத்தனை விதம் உண்டு என்று எனக்குக் கற்றுத்தந்தது அந்த எரிச்சல்தான். பால் பிடிக்கும் காலத்தில் என் வரிசை சடசடவென்று பழுத்தது. எனக்குக் கொண்டாட்டம். இலையில் சேர்த்துவைத்த புரதத்தைப் பயிர் உடைத்து, கரைத்து, தண்டு வழியாக நெல்மணிக்கு அனுப்புகிறது. இலை மஞ்சளாவது அந்தப் பயணத்தின் நிறம். அவளுடையதோ அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதும் மேல் இலை பச்சையாக நின்றது, எந்த அவசரமும் இல்லாமல், அவளைப் போலவே.

"ஒன்னோடது சீக்கிரம் கெழவியாயிடுச்சுடி" என்றாள் வரப்பில் நின்று.

"உன்னோடது இன்னும் வயசுக்கே வரலை" என்றேன். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

பொங்கல் கழிந்து பரிசோதனை. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு குடுவை. நான் படித்தேன், எழுதினேன், அவள் ஏற்றினாள். ஒரு வெள்ளிக்கிழமை முசியே சுவரில் தாள் ஒட்டினார். அவளுடைய வரிசை. திங்கட்கிழமை அவளுக்கு ரயில்.

அன்று அவள் எனக்காகக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். தேங்காய்த்திட்டுக்குப் போய் அவளே பார்த்து வாங்கிய கருவாடு. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் கைகழுவப் போன நேரத்தில் கம்பியில் குத்திவைத்த சீட்டுகளைப் புரட்டி என்னுடையதை எடுத்தேன். எட்டு, முசியேவின் பிரெஞ்சு வழக்கப்படி தசமத்துக்கு ஒரு காற்புள்ளி, அதன்பின் ஒரு மொட்டை எண். நெற்றியில் கோடு, நடுவில் ஒன்றுமில்லை. இரண்டாவது குடுவைக்கும் அப்படியே.

எட்டே முக்காலுக்குப் பக்கத்திலா? எட்டைத் தாண்டிச் சும்மா ஒரு துளியா? எழுதிய எனக்கே படிக்கத் தெரியவில்லை. ஆனால் மனம் படித்துவிட்டது. அது ஏழு. அவள் அதை ஒன்று என்று ஏற்றியிருக்கிறாள். தெரிந்தே ஏற்றியிருக்கிறாள். கயிற்றை அவிழ்க்கவைத்தவளும் அவள்தானே! அந்த எண்ணம் எவ்வளவு இனித்தது என்று இப்போது எழுதக் கூசுகிறது. தோற்றவளாக இருப்பதைவிட ஏமாற்றப்பட்டவளாக இருப்பது எவ்வளவு சுகம்.

சனிக்கிழமை சீட்டோடு முசியேவின் அறைக்குப் போனேன். "என் ஏழை ஒண்ணாக்கிட்டாங்க, முசியே" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பதிவேட்டில் எழுதுகிற கை ஒன்றுதான்.

அவர் அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

அவள் கையெழுத்து. என் வரிசை. எட்டு, காற்புள்ளி, ஏழு. அந்த ஏழின் இடுப்பில் ஒரு கயிறு.

அவள் போட்டது. பக்கத்தைத் திருப்பினேன். அவளுடைய எண்களில் எல்லா ஏழும் மொட்டை. என் எண்களில் மட்டும், நான் அவிழ்த்ததை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கட்டிவைத்திருந்தாள், யாரும் தப்பாகப் படித்துவிடக்கூடாது என்று.

"அசோத்து ஒன்னோடதுலதான்மா ஜாஸ்தி" என்றார் முசியே. "நூத்துக்கு எவ்வளவுன்னு பாத்தா நீதான் முதல். அடுத்த கட்டம் பாத்தியா?"

அடுத்த கட்டத்தில் ஆயிரம் மணியின் எடை. நானும் அவளும் சேர்ந்து எண்ணிப் போட்ட மணிகள்தான். என்னுடையது காற்றுப்போல இருந்தது.

"பாதி கருக்கா. எலை முன்னாடியே செத்துப்போச்சு, மாவு எங்கேருந்து வரும்? மாவு கொறைஞ்சா அசோத்து ஒசந்த மாதிரிதான் தெரியும். ஒரு நெல்மணிக்கு எவ்வளவுன்னு கணக்குப் பாரு. அவளோடதுதான் ஜாஸ்தி." பதிவேட்டை மூடினார். "அது வளத்த தப்பு இல்ல. அந்த வரிசையோட பொறப்பு அப்படி." சீட்டை என்னிடமே நீட்டினார். "இத அவகிட்ட காட்டணுமா?"

"வேணாம் முசியே."

அவள் திங்கட்கிழமை போனாள். அவளுடைய விதையை அடுத்த பட்டத்தில் நடுகிற வேலை எனக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? சேற்றில் குனிந்து அவள் நாற்றை ஊன்றினேன். தினமும் போய்ப் பார்த்தேன், எப்போது மஞ்சளாகும் என்று. முந்திப் பழுக்கட்டும், இது அந்த ஒரு பருவத்து அதிர்ஷ்டமாக இருந்துவிட்டுப் போகட்டும். அப்படித்தான் வேண்டிக்கொண்டேன், வேறெப்படி? அது பச்சையாகவே நின்றது. கதிர் கனத்துச் சாய்ந்தது.

ப்யூரெட் முன்னால் உட்கார்ந்தபோது அறையில் நான் மட்டும்தான். ஒரு சொட்டு முன்னால் நிறுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? இளஞ்சிவப்பு வரும்வரை விட்டேன். போன முறையைவிடக் கூடுதலாகவே வந்தது. அந்த எண்ணை ஓர் இன்லண்ட் லெட்டரில் எழுதி ஐதராபாத்துக்கு அனுப்பினேன். அதில் ஓர் ஏழு இருந்தது. கயிறு கட்டினேன். வேறு ஒரு வரிகூட எழுதவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது.

"கயிறு திரும்ப வந்துடுச்சு போலருக்கே! இங்க சோறு நல்லாவே இல்லடி. நம்ம நெல்ல கடிச்சுப் பாத்தியா, இல்லையா?"

நம்ம நெல் என்று எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்து, நகத்தால் உமியைப் பிளந்து வாயில் போட்டேன். முதலில் கெட்டி, பிறகு மாவு, பிறகு மெதுவாக ஓர் இனிப்பு.

நன்றாகத்தான் இருந்தது, பாவி.