கீறான்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்குக் கிடைத்த மாடி அறையில் முதல் நாளே ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினேன். கொசுவலை வாங்க வேண்டும். என் மடிக்கணினியின் பிளக் இந்த ஊர்ச் சுவரில் நுழையவில்லை, அதற்கு ஒரு மாற்று வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை தொலைபேச வேண்டும். கடல் தாண்டி இருக்கும் என் ஊர் கிள்ளானில் நீர்ச் சுத்திகரிப்பு படித்து இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு தொண்டர்கள் தேவை என்று கேட்டபோது, படிப்போடு தமிழும் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குத் தமிழ்தான் காரணம் என்று பின்னால் சொன்னார்கள்.

கீழ்வீட்டில் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். அவர்களுக்குத் தாம்பரத்தில் பாத்திரக் கடை. முதல் காலையில் நான் படியிறங்கும்போது அந்த வீட்டு அக்கா, "பசியாறிட்டுப் போம்மா" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் சொல்லும் அதே சொல். கண் கலங்கிவிட்டது. இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டே, இந்த ஊர்த் தமிழும் என் தமிழ்தான், இனி பயமில்லை என்று முடிவு செய்தேன். அவர்களும் எனக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வேன் தினமும் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போகும். கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டிருந்தன. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் தண்ணீர் லாரிக்குச் சொல்ல முடியும். குழுவில் வெளிநாட்டிலிருந்து வந்த மற்றவர்களுக்கு மொழி தெரியாது. அட்டையும் பேனாவும் என் கையில் வந்தன. நான் கட்டங்கள் போட்டேன்: பெயர், வயது, உறவு, காயம் இருந்தால் எங்கே.

மூன்றாம் நாள் ஒரு தார்ப்பாய்க் குடிசையின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு என் அம்மாவின் வயதிருக்கும். நானு, வூட்டுக்காரு, ரெண்டு பொண்ணு என்று மெதுவாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் கீறான்" என்றார். பெயரும் சொன்னார், பத்தொன்பது வயது என்றார்.

'கீது' எனக்குத் தெரியும், சினிமாவில் கேட்டது. 'கீறான்' அதன் உடன்பிறப்பு என்று அந்த நேரத்தில் பிடிபடவில்லை. எதையோ கீறிக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன். எங்கே என்று கேட்டேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் புரியும் சைகை அது. எனக்கும் புரிந்திருக்க வேண்டும். நான் அட்டையில் 'நெற்றி, கீறல்' என்று அழகாக எழுதிவிட்டு அடுத்த குடிசைக்குப் போனேன்.

காயங்களை மட்டும் தனியாகப் பிரித்து மாலையில் நர்ஸிடம் கொடுத்தேன். அவர் தாம்பரம் பெண், விடுப்பு எடுத்து எங்களோடு வந்துகொண்டிருந்தவர். மறுநாள் மருந்துப் பெட்டியோடு அவரும் நானும் அந்தக் குடிசைக்குப் போனோம். அந்த அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் குனிந்து, பையனுக்கு நெற்றியில் அடி என்று எழுதியிருக்கிறது, கட்டுப் போட வந்திருக்கிறோம் என்றார்.

அம்மா எழுந்தார். கையிலிருந்து சாம்பல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பின்னால் சாலையில் நின்ற வேனைப் பார்த்தார்.

"வண்டியிலயா கீறான்?"

அப்போதுதான் அந்தச் சொல் எனக்குப் புரிந்தது: இருக்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஓடிவிட்டார். வேனின் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே குளோரின் மாத்திரைப் பெட்டிகளும் சுருட்டிய குழாய்களும் இருந்தன. முன் இருக்கையில் டிரைவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பின்னிருக்கை வரை எட்டிப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

பக்கத்துக் குடிசைப் பெண் நர்ஸிடம் தணிந்த குரலில் சொன்னார். அலை வந்த காலையில் வலையைக் கரைக்கு இழுக்கப் போனவன். உடல் கிடைக்கவில்லை. நர்ஸ் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் வேனுக்குப் போனேன். நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் அம்மா, என்றேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"இன்னா எழுதிகினே?"

படித்துக் காட்டினேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அவன் பேரை அடிச்சுடுவியா?"

காயத்தை மட்டும் அடிக்கிறேன் என்றேன்.

"அடி. பேரை வுட்டுடு. அவன் கீறான்."

அன்று ராஜகீழ்ப்பாக்கம் திரும்பியதும் ஒருங்கிணைப்பாளர் சாரிடம் பட்டியலைக் கொடுத்தேன். வீடு வீடாக எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த வீட்டுக்கு ஐந்து என்றேன். ஒரு பொறியாளரின் கணக்கில் அது பிழை. அதைத் தெரிந்தே சொன்னேன். அறைக்குப் போய், என் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிடும் நாளாக இருந்தும் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து லாரி வந்தது. ஆளுக்கு ஒரு குடம். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக அழைத்தேன். அந்த அம்மா இரண்டு பெண்களோடு வந்தார். ஐந்து குடம் என்று உரக்கச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் தலையை ஆட்டினார். ஒன்று நிரம்பியது, இரண்டு, மூன்று, நான்கு. நான் குழாயை மூடாமல் பிடித்திருந்தேன். தண்ணீர் மணலில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நான்கு குடம் மட்டும்தான் கொண்டுவந்திருந்தார்.

"மூடும்மா," என்றார். "தண்ணி வீணாப் போவுது."